லேத் பட்டறையில பொறந்த கிட்டார்

ஆண்டிமடத்துல எனக்குத் தெரிஞ்ச லேத் பட்டறை ஒண்ணு இருக்கு. போர்வெல் மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் புஷ், இதான் அங்க பொழப்பு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு எஸ்.எஸ். ராடோட அங்க போய் நின்னேன். முக்காலே அரைக்கால் இஞ்ச் கனம், மூணரை இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மியா நீளம், ஒரு முனை உருண்டை, மூஞ்சி தெரியற மாதிரி பாலிஷ்.

"எந்த மோட்டாருக்கு தம்பி?"

"மோட்டாருக்கு இல்லண்ணே, கிட்டாருக்கு."

என்னை மேலயும் கீழயும் பார்த்தார். அதுல தப்பே இல்ல. நான் செய்யக் கிளம்பினது பெடல் ஸ்டீல் கிட்டார். மடியில வெச்சு வாசிக்கிறதில்ல. கால் வெச்ச மேசை மாதிரி நிக்கும். பத்துத் தந்தி. விரலால அமுக்காம, தந்தி மேல அந்த இரும்பு உருளையைச் சறுக்கி வாசிக்கணும். கீழ மூணு பெடல், முழங்காலால தள்ள நாலஞ்சு நெம்புகோல். அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுல ஒரு சத்தம் அழுதுக்கிட்டே வழுக்கிப் போகுமே, அதான் இது.

பார்த்தா வீணை ஆசாரி செய்யற சாமான் மாதிரி இருக்கும். இதோட சரித்திரத்தைப் படிச்சப்பதான் புரிஞ்சது, ஆரம்பத்துலேர்ந்தே இது பட்டறைக்காரங்க பெத்த பிள்ளை.

ஹவாய்த் தீவுல ஜோசப் கெக்குக்குன்னு ஒரு பையன், 1874-ல பொறந்தவர். ரயில் பாதை ஓரமா கிடந்த போல்ட்டை எடுத்துத் தந்தியில தேய்ச்சுப் பார்த்தார்னு ஒரு கதை உண்டு. 1889 வாக்குல கமேகமேகா பள்ளியில படிக்கும்போது, அந்தப் பள்ளிக்கூடப் பட்டறையிலேயே இதுக்குன்னு ஒரு இரும்பு உருளை செஞ்சுக்கிட்டார். 1915-ல சான்பிரான்சிஸ்கோ கண்காட்சிக்கு அப்புறம் ஹவாய் இசை அமெரிக்கா முழுக்கப் பரவிச்சு.

அடுத்தவர் அடால்ஃப் ரிக்கன்பேக்கர். லாஸ் ஏஞ்சல்ஸ்ல டூல் அண்ட் டை தொழில் பண்ணினவர். ஜார்ஜ் போஷாம்ப்கூடச் சேர்ந்து வார்ப்பு அலுமினியத்துல செஞ்ச மின் கிட்டார் 1932-ல விற்பனைக்கு வந்தது. தோசைக்கல்லுக்குக் கைப்பிடி வெச்ச மாதிரி இருக்கும். அங்கயும் 'வறுக்கும் சட்டி'ன்னுதான் பேரு! மின்சார கிட்டார் வியாபாரமா நிலைச்சது இதுலேர்ந்துதான். அதுவும் சறுக்கி வாசிக்கிற வகை.

மூணாமவர் பால் பிக்ஸ்பி. மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர். வார்ப்புக்கு மாதிரி அச்சு செய்யற தொழிலாளி. கலிஃபோர்னியாவுல டவுனிங்கற ஊர்ல சின்னப் பட்டறை. 1948-ல ஸ்பீடி வெஸ்ட்டுங்கற வாசிப்பாளருக்குப் பெடல் வெச்ச ஸ்டீல் கிட்டார் செஞ்சு கொடுத்தார்.

பெடல் எதுக்கு? இங்கதான் நம்ம ஊரு உள்ள வருது.

ஆண்டிமடத்துலேர்ந்து ஜெயங்கொண்டம், கங்கைகொண்டசோழபுரம் வழியா அணைக்கரையில கொள்ளிடத்தைத் தாண்டினா திருவிடைமருதூர் ரொம்பத் தூரமில்ல. சகாராம ராவ் ஊரு. செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு குருவா இருந்தவர்களில் ஒருத்தர். அவர் வாத்தியம் கோட்டுவாத்தியம், இப்ப சித்திரவீணைங்கறோம். மெட்டு இல்லாத வீணை, தந்தி மேல கருங்காலிக் கட்டையைச் சறுக்கி வாசிக்கணும். அவர்கிட்ட கத்துக்கிட்ட நாராயண ஐயங்கார் (1903–1959) அதைப் பெரிய கச்சேரி வாத்தியமாக்கினார்.

ஹவாய்ல கெக்குக்குவுக்கு முன்னாடியே கேப்ரியல் டேவியன்னு ஒரு இந்திய மாலுமி இப்படி வாசிச்சார்னு ஒரு பேச்சு உண்டு. அதை வெச்சு 'எல்லாம் நாம கொடுத்தது'ன்னு மார்தட்ட எனக்கு இஷ்டமில்ல. என்னை உறுத்தினது வேற கேள்வி. சறுக்கற வித்தை கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரிஞ்சதுதான். அப்புறம் ஏன் நம்ம ஆளுங்க யாரும் பெடல் வெக்கல?

தேவைப்படல. அவ்வளவுதான்.

நம்ம சங்கீதத்துல ஒரு நேரத்துல ஒரு ஸ்வரம்தான் நடக்குது. அதை எங்க வேணா வழுக்கிக் கொண்டுபோகக் கட்டை ஒண்ணு போதும். மேல்நாட்டு இசையில மூணு நாலு ஸ்வரம் ஒண்ணா ஒலிக்கணும். இரும்பு உருளை நேர்கோடு. நகர்த்தினா எல்லாத் தந்தியும் ஒரே அளவுல ஏறும், இறங்கும். ஸ-க-ப வாசிச்சவன் ஸ-ம-த வேணும்னா என்ன பண்றது? வேற சுருதி வெச்ச இன்னொரு கழுத்துக்குத் தாவணும். அதனாலதான் அப்போ ரெண்டு மூணு கழுத்து வெச்ச கிட்டாரெல்லாம் இருந்தது.

பெடல் அந்தத் தாவலை ஒழிச்சது. ஒரு மிதியில பஞ்சமத் தந்தி தைவதமாகும், இன்னொண்ணுல காந்தாரத் தந்தி மத்யமமாகும். ரெண்டையும் மிதிச்சா ஸ-க-ப அப்படியே ஸ-ம-த. 1953-ல பட் ஐசக்ஸ் 'ஸ்லோலி'ங்கற பாட்டுப் பதிவுல, தந்தி ஒலிச்சுக்கிட்டு இருக்கும்போதே பெடலை மிதிச்சார். வீணையில தந்தியை இழுத்து அடுத்த ஸ்வரத்தைத் தொடுவோமே, அந்த வேலையைக் கால் செஞ்சது. அடுத்த வருஷம் பாட்டு பிரமாதமா ஓடிச்சு; மத்த வாசிப்பாளர்களும் பெடல் பின்னாடி ஓடினாங்க.

நம்ம பக்கம் பாருங்க. கோட்டுவாத்தியத்துல அனுசுரத் தந்தி சேர்த்தாங்க. வடக்கே பிரிஜ் பூஷண் காப்ரா ஹவாய் கிட்டாரை ராகத்துக்குத் திருப்பினார். 1994-ல கிராமி வாங்கின விஷ்வ மோகன் பட், மோகன வீணையில அனுசுரத் தந்திதான் கட்டினார். அவங்களுக்கு வேண்டியது கூட ஒலிக்கிற ரீங்காரம். பெடல் இல்ல. புத்தி கம்மின்னு யாரும் நெனச்சுக்க வேணாம். வேற பசி, வேற சமையல்.

அப்ப எனக்கு எதுக்கு இந்த வேலைன்னு வீட்டுல கேட்டாங்க. நியாயமான கேள்வி. செலவான காசுக்கு நல்ல வீணையே வாங்கியிருக்கலாம் :-) ஆனா ஒரு தந்தியிலயாவது அந்த மிதியைக் கேட்டே ஆகணும்னு வைராக்கியம்.

பெடலை மிதிச்சா ராடு இழுக்கும், குறுக்கு ஷாஃப்ட் திரும்பும், அதுலேர்ந்து போற கம்பி தந்தி மாட்டின அலுமினிய விரலைச் சுழற்றும், தந்தி விறைக்கும். காலை எடுத்தா ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டு வரணும். என் முதல் விரல் ஏறிச்சு, சரியா இறங்கல. பஞ்சமம் தைவதமாச்சு, திரும்பி வந்தது பஞ்சமமா இல்ல, மயிரிழை கூட நின்னுது. காதுக்கு நாராசம்.

பட்டறை அண்ணன் விரலை ஆட்டிப் பார்த்தார். "ஓட்டையில பிளே இருக்கு தம்பி. ஏத்தறது எவனும் ஏத்திடுவான். இருந்த எடத்துக்கே திரும்பி வரணும்ல, அதான் வேலை." ரீமர் ஓட்டி, புது புஷ் கடைஞ்சு, இறுக்கமா மாட்டினார்.

இப்போ ஒரு தந்தி, ஒரு பெடல் ஒழுங்கா வேலை செய்யுது. ப... த... ப. இன்னும் ஒன்பது தந்தி பாக்கி. அண்ணன் முதல் தடவை மிதிச்சுப் பார்த்துட்டு, கையைத் துணியில தொடைச்சுக்கிட்டு, இன்னொரு தடவை மிதிச்சார். காசு கேக்கல.