கொத்து ரொட்டியும் கோதுமை மாவும்: றக்வானயிலிருந்து ஒரு பார்வை

பெல்மதுளை, கஹவத்தை கடந்து மாதம்பையில் பிரியும் ஏ17 வீதியில் வந்தால் றக்வான. அதற்கப்பால் வீதி புலுத்தொட்ட வளைவுகளில் ஏறித் தெனியாயப் பக்கம் போய்விடும். சுற்றிலும் தேயிலையும் இறப்பரும். தோட்டங்களுக்கு நடுவிலேயே சிங்களக் கிராமங்கள். மாலையானதும் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் இரும்பில் இரும்பு மோதும் சத்தம் தொடங்கும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: "கொத்து எகக்".

கொழும்பில் பேர்கர் கடைகளும் நெருப்பில் வாட்டிய இறைச்சி விற்கும் கடைகளும் பெருகியிருக்கின்றன. களைத்து வந்தவருக்கு வயிறும் மனமும் நிறையும்படி, கொஞ்சம் கற்பனையும் கலந்து கொடுப்பதுதான் அவர்களின் வியாபாரம். றக்வான போன்ற தோட்டப்புற நகரங்களில் அந்த வேலையைக் கொத்து ரொட்டி நெடுங்காலமாகச் செய்து வருகிறது. பேர்கருக்கும் கொத்துக்கும் அடிப்படை ஒன்றே. இரண்டுக்கும் கோதுமை மா வேண்டும். அந்தக் கோதுமை இலங்கையில் விளைவதில்லை. இந்தக் கட்டுரை கொத்தில் தொடங்கி மாவில் போய் நிற்பது அதனால்தான்.

கொத்து எங்கே பிறந்தது என்பதில் இன்னும் சர்ச்சை உண்டு. கிழக்கு மாகாண முஸ்லிம் கடைகளைப் பலர் சொல்கிறார்கள். மீந்துபோன ரொட்டியை வீணாக்காமல் கறியோடு சேர்த்துக் கொத்தியதில் தொடங்கியது என்பது பொதுவான கதை. தமிழ்நாட்டுக் கொத்து பரோட்டா இதற்கு நெருங்கிய உறவு. செய்முறை பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். மாவை உப்பும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊற வைப்பார்கள். பின் வீசி மெல்லிதாக்கிச் சுட்டால் கொதம்ப ரொட்டி. அதை வெட்டி வைத்துக்கொண்டு, பெரிய இரும்புக் கல்லில் வெங்காயம், பச்சை மிளகாய், லீக்ஸ், கோவா, கரட் வதக்கி, முட்டை உடைத்து, ரொட்டியையும் இறைச்சிக் குழம்பையும் போட்டு, கூரில்லாத இரண்டு இரும்புத் தகடுகளால் கொத்த வேண்டும். கொத்துபவரின் கைத்தாளம் ஆளுக்கு ஆள் மாறும். வீதியில் நிற்பவரைக் கடைக்குள் இழுப்பதும் அந்தத் தாளம்தான். விளம்பரப் பலகை இரண்டாம் பட்சம்.

முட்டை, கோழி, மாடு என்று தொடங்கிய பட்டியல் இன்று நீண்டுவிட்டது. இடியப்பக் கொத்து, பிட்டுக் கொத்து, பாஸ்தா கொத்து எல்லாம் உண்டு. சீஸ் கொத்துக்குக் கொழும்பு காலி வீதியின் பிலாவூஸ் பெயர் பெற்றது. 'டொல்பின் கொத்து' என்ற பெயரைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை, அதில் டொல்பின் இறைச்சி கிடையாது. கோதுமையை அரைக்கும் பிரிமா நிறுவனமே 'கொத்து மீ' என்ற பெயரில் உடனடி நூடுல்ஸ் விற்கிறது. டொரொண்டோவிலும் லண்டனிலும் தமிழர் கடைகளில் கொத்து இல்லாத உணவுப் பட்டியலைக் காண்பது அரிது.

கடைக் கொத்து தோட்டத்து மக்களுக்கு அன்றாடச் சாப்பாடு அல்ல. பத்தாம் திகதிச் சம்பளம், பிள்ளையின் பரீட்சை முடிவு, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் வழி போன்ற நாட்களில் வாங்கும் பார்சல் அது. ஒரு பார்சலைப் பிரித்து மூன்று பேர் சாப்பிடுவது லயத்தில் புதுமையில்லை. அன்றாடம் அங்கே சுடுவது தடித்த ரொட்டி. கோதுமை மா, உப்பு, தண்ணீர். இருந்தால் தேங்காய்ப்பூ. விடியுமுன் அடுப்பை மூட்டிச் சுட்டு, கட்டச்சம்பலோடு சுருட்டி எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓடுவார்கள். மலையில் கொழுந்து எடுக்கிறவருக்கும், இருட்டோடு இறப்பர் பால் வெட்டப் போகிறவருக்கும் சோற்றைவிட ரொட்டி வசதி. சிந்தாது, சீக்கிரம் பழுதாகாது, பல மணிநேரம் பசி தாங்கும். தோட்டத்துப் பெண்கள் இதை அவசரத்தின் சாப்பாடு என்கிறார்கள். கடைக் கொத்தை ருசித்து எழுதுகிற நம்மில் பலர் இந்த ரொட்டியைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

தென்னிந்தியாவின் நெல் வயல்களை விட்டுத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் சந்ததி கோதுமை ரொட்டிக்குப் பழகியதில் அரசியலும் உண்டு. 1953இல் அரிசியின் பங்கீட்டு விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் வாக்கிழந்த தோட்டத் தமிழருக்கு அந்த அரசியலைத் தீர்மானிக்கும் பலம் இருக்கவில்லை. பின்னைய காலத்தில் அமெரிக்காவின் பிஎல் 480 உதவித் திட்டத்தின் கீழும் கோதுமை மா வந்தது. 1980இல் திருகோணமலை சீனன்குடாவில் பிரிமாவின் ஆலை இயங்கத் தொடங்கிய பின், கோதுமையைத் தானியமாகக் கப்பலில் கொண்டுவந்து இங்கேயே அரைப்பது வழக்கமாயிற்று.

இடையில் 1973–74 வந்தது. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏற, அரசு அரிசி, மா, சீனிப் பங்கீடுகளைச் சுருக்கியது. கிராமத்தவருக்குத் துண்டு வயலாவது, ஒரு பலா மரமாவது இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்குப் பங்கீட்டுக் கூப்பனையும் கூலியையும் விட்டால் வேறொன்றுமில்லை. தோட்டங்களில் பட்டினியாலும் அதன் பின்வந்த நோயாலும் பலர் இறந்தார்கள். தோட்டங்களின் இறப்பு வீதம் அந்த ஆண்டுகளில் தெளிவாக உயர்ந்தது. மூத்தவர்கள் அதை இன்றும் 'சிறிமா காலத்துப் பஞ்சம்' என்றே சொல்கிறார்கள். ரொட்டியைத் தட்டில் மிச்சம் வைக்கும் பேரப்பிள்ளையைப் பாட்டி அதட்டுவதில் அந்தக் காலம் இருக்கிறது.

2022இல் அது வேறு உருவத்தில் திரும்பியது. டொலர் இல்லை, எரிவாயு இல்லை. ஏப்ரல் மாதம் 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாயிலிருந்து ஒரே தடவையில் 4,860 ரூபாயானது. உக்ரேன் போரால் கோதுமை விலை ஏறியது. மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடுத்தது. ஒரு கிலோ மா சில்லறைக் கடையில் 400 ரூபாயைத் தொட்டது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். ஒரு முழுநாள் கொழுந்தெடுத்தால் இரண்டரைக் கிலோ மா. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமானது. கொத்துக் கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் அடி: கல்லுக்கு எரிவாயு இல்லை, ரொட்டிக்கு மா இல்லை. நாடெங்கும் பல சிறு கடைகள் விறகடுப்புக்குத் திரும்பின, சில மூடின. தோட்டத்து வீடுகளில் விறகு முன்பும் இருந்தது, அதனால் எரிவாயு அவர்களை அவ்வளவாக வாட்டவில்லை. மாவின் விலைதான் வாட்டியது.

2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. மாவின் விலையும் உச்சத்திலிருந்து இறங்கியது. ஆனால் நெருக்கடிக்கு வெகு முன்னரே, 2016 குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துக் குழந்தைகளில் 31.7 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றிக் காணப்பட்டனர். தேசிய அளவு 17.3 வீதம். இதற்கு ரொட்டியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. தாயின் போசாக்கு, குடிநீர், லயத்தின் நெரிசல் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஆனாலும் வெள்ளை மாவும் உப்பும் பச்சை மிளகாயும் வயிற்றை நிரப்புமே தவிர, வளரும் பிள்ளைக்கு வேண்டிய புரதத்தையும் இரும்புச்சத்தையும் தராது.

கொத்தின் நல்ல குணம் இங்கேதான் தெரிகிறது. அதே மாவோடு முட்டையும் மரக்கறியும் இறைச்சியும் ஒரே தட்டில் சேர்கின்றன. எண்ணெயும் உப்பும் கூடுதல் என்பது உண்மை. பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, ஒரு முட்டையும் ஒரு பிடி கீரையும் சேர்த்து வீட்டிலேயே 'கொத்து' செய்யும் தாய்மார் தோட்டங்களில் உண்டு. அதற்குத் தகடு வேண்டாம், கரண்டி போதும். முட்டை விலையும், லயத்துக்குப் பின்னால் கீரை போட ஒரு துண்டு நிலமும்தான் வேண்டும். அந்த நிலம் இன்னும் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.