நெகடிவ் யாரிடம் இருந்தது? பெங்களூரும் இணைய ஒளிப்படச் சேமிப்பின் வரலாறும்

இணைய ஒளிப்படச் சேமிப்பின் வரலாறு பெரும்பாலும் கொள்ளளவின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. 2006இல் பிக்காசா வெப் ஆல்பம்ஸ் 250 மெகாபைட் இடத்தை இலவசமாகத் தந்தது. 2013இல் ஃபிளிக்கர் ஒரு டெராபைட் தந்தது. 2015இல் கூகுள் ஃபோட்டோஸ் எல்லையே இல்லை என்றது. இந்த ஏறுவரிசை உண்மையே. ஆயினும் படம் யாருடைய காவலில் இருந்தது, அந்தக் காவல் எந்த நிபந்தனையில் நடந்தது என்ற கேள்விகளை அது தொடுவதில்லை. ஸ்டூடியோக்கள், மென்பொருள் நிறுவனங்கள், ஆல்பம் அச்சகங்கள், ஒளிப்படத்துக்கான அருங்காட்சியகம் ஆகிய எல்லாம் ஒரே நகரில் அமைந்த பெங்களூரிலிருந்து நோக்கினால், இக்கேள்விகளே வரலாற்றின் மையத்துக்கு வருகின்றன.

ஃபிலிம் காலத்தில் காவலர் ஸ்டூடியோக்காரர். 1910இல் தொடங்கிய ஜி.கே.வேல் போன்ற பெரிய நிறுவனமாயினும், நகர ரயில் நிலையத்தை அடுத்துத் தமிழர் செறிந்து வாழும் ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளின் சிறு ஸ்டூடியோவாயினும் முறை ஒன்றே. வாடிக்கையாளர் அச்சுப்படத்தைப் பெற்றுச் செல்வார். நெகடிவ் ஸ்டூடியோவில் தங்கும். மறுபடி தேவைப்பட்டால் ரசீது எண்ணுடன் வரவேண்டும். சட்டமோ வேறொன்றைச் சொன்னது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுப்பித்த ஒளிப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, அவரே முதல் உரிமையாளர். ஆக உரிமை ஒருவரிடமும் பொருள் மற்றொருவரிடமும் இருந்தன. இந்தப் பிளவு கணினிக்கு முந்தையது.

அக்காவலைப் பொற்காலமாகக் கருதுவதற்கில்லை. கண்ணாடித் தகடுகள் சுரண்டிக் கழுவப்பட்டன. ஃபிலிம்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போயின. எஞ்சியவற்றை ஈரமும் பூஞ்சையும் தின்றன. இருந்தும் ஃபிலிமுக்கு ஒரு குணம் உண்டு: எவரும் கவனிக்காமல் விட்டாலும் அது சில காலம் பிழைத்திருக்கும். பூட்டிய அறையில் முப்பது ஆண்டு கிடந்த பெட்டியைத் திறந்தால் பாதியாவது கிடைக்கும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஸோயே ஹெட்லியும் ரமேஷ் குமாரும் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்ணிமமாக்கிய பணி, இவ்வாறு மறதியில் பிழைத்தவற்றைக் கொண்டே சாத்தியமாயிற்று.

இரு காலங்களுக்கும் இடைப்பட்ட நிலையை ஸ்நாப்ஃபிஷ் காட்டுகிறது. 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்நிறுவனம், அஞ்சலில் வந்த ஃபிலிம் சுருளைக் கழுவி, அச்சிட்டு, கூடவே படங்களை இணையத்திலும் ஏற்றித் தந்தது. இங்கே இணையம் ஸ்டூடியோவின் நீட்சி. நெகடிவும் அச்சும் கையில் இருக்க, இணையப் பிரதி பார்வைக்கு மட்டுமே. 2005இல் ஹெச்.பி. நிறுவனம் இதை வாங்கியது. நிறுவனர்களுள் பாலா பார்த்தசாரதியும் ஸ்ரீபதி ஆச்சார்யாவும் பின்னர் பெங்களூரின் தொழில்முனைவுச் சூழலில் முக்கியப் பங்காற்றினர்.

2004 முதல் 2008 வரை சோதனைக் காலம். 2004 பிப்ரவரியில் ஃபிளிக்கர் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் கூகுள் பிக்காசாவை வாங்கி இலவசமாக்கியது. 2008 மார்ச்சில் அடோபியின் ஃபோட்டோஷாப் எக்ஸ்பிரஸ், உலாவியிலேயே திருத்தும் வசதியையும் 2 கிகாபைட் இடத்தையும் தந்தது. இவற்றை முயன்று பார்த்த எண்ணிம ஒளிப்படக்காரர் எதிர்கொண்ட முதல் தடை கொள்ளளவு அன்று, கம்பி. இந்தியாவின் 2004ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கை, பதிவிறக்கத்தில் நொடிக்கு 256 கிலோபிட் என்பதையே குறைந்தபட்ச வேகமாக வரையறுத்தது. பதிவேற்றமும் அதே வேகத்தில் நடந்ததாகவே கொண்டாலும், 4 மெகாபைட் அளவுள்ள ஒரு படம் ஏற இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு திருமணத்தில் எடுத்த ஆயிரம் படங்கள் ஏற ஏறத்தாழ 35 மணி நேரம் இணைப்பு அறாமல் இருக்கவேண்டும். தொழில்முறையாளர் மூலக்கோப்புகளை வன்தட்டிலும் டிவிடியிலும் வைத்துக்கொண்டு, சுருக்கிய பிரதிகளை மட்டும் இணையத்தில் ஏற்றுவதற்கு இந்தக் கணக்கே போதிய காரணம். ஆகவே அக்கால இணையத் தொகுப்புகளில் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் படத்தின் நிழலே. மூலம் வேறெங்கோ இருந்தது.

இரண்டாம் தடை ஒப்பந்தம். ஃபோட்டோஷாப் எக்ஸ்பிரஸ் வெளியான சில நாள்களிலேயே அதன் பயன்பாட்டு விதிகளைப் படித்த ஒளிப்படக்காரர்கள் அதிர்ந்தனர். பயனர் பொதுப்பார்வைக்கு வைக்கும் படங்களை நிரந்தரமாகவும் திரும்பப் பெற முடியாதபடியும் பயன்படுத்தும் உரிமத்தை அவ்விதிகள் நிறுவனத்துக்கு வழங்கின. எதிர்ப்பு எழுந்ததும் அடோபி விதியைத் திருத்தியது. ஸ்டூடியோ ரசீதின் பின்புறத்தில் ஓரிரு வரியாக இருந்த நிபந்தனை, இப்போது பல பக்க ஆவணமாகி, ஒருதரப்பாக மாற்றத்தக்கதாகவும் ஆகிவிட்டது என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

திருத்தக் கருவிகளின் கதை நுட்பமானது. இருட்டறைக் காலத்தில் திருத்தம் நெகடிவின் மேலேயே பென்சிலால் நடந்தது. முகத்தின் தழும்பை மறைத்த கோடு இன்றும் அந்தப் படலத்தில் தெரியும். மூலமும் திருத்தமும் ஒரே பொருளில் வாழ்ந்தன. பிக்காசா இவ்விரண்டையும் பிரித்தது. பயனர் செய்த வெட்டு, நிறமாற்றம் போன்றவை படக்கோப்பைத் தொடாமல், அதே கோப்புறையில் இருக்கும் ஒரு சிறு உரைக்கோப்பில் கட்டளைகளாக எழுதப்பட்டன. மூலம் சிதையாமல் இருந்தது பெரும் நன்மை. ஆனால் அக்கட்டளைகளைப் படிக்கத் தெரிந்தது பிக்காசா மட்டுமே. படங்களைப் புதிய கணினிக்கு மாற்றும்போது அந்தச் சிறு கோப்பு விடுபட்டால், அல்லது மென்பொருளே மறைந்தால், திருத்தமும் போயிற்று. இன்று கூகுள் ஃபோட்டோஸிலிருந்து படங்களைத் தரவிறக்குபவரும் இதன் மறுவடிவத்தையே காண்கிறார்: எழுதிய விளக்கக் குறிப்புகள் படத்தோடு ஒட்டாமல் தனித் தரவுக்கோப்புகளாக வந்து சேர்கின்றன.

பிறகு மூடல்களின் காலம். 2007இல் யாஹூ ஃபோட்டோஸ் மூடப்பட்டு, பயனர்கள் ஃபிளிக்கருக்கோ வேறு சேவைக்கோ மாறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். 2012 ஏப்ரலில் இணையத் திருத்தக் கருவியான பிக்னிக் நின்றது. அதே ஆண்டு ஜூலையில், கோடாக்கின் திவால் நடவடிக்கைக்கிடையே கோடாக் கேலரி மூடப்பட்டு, அதன் அமெரிக்க, கனடா பயனர்களின் படங்கள் ஷட்டர்ஃபிளைக்குக் கைமாறின. 2016இல் பிக்காசா விடைபெற்றது. 2018இல் ஸ்மக்மக் நிறுவனம் ஃபிளிக்கரை வாங்கி, இலவசக் கணக்குகளை 1,000 படங்களுக்குள் அடக்கியது. மிஞ்சியவற்றின் நீக்கம் 2019இல் தொடங்கியது. 2021 ஜூன் 1 முதல் கூகுள் ஃபோட்டோஸின் எல்லையற்ற இலவசமும் முடிந்தது. அம்மாற்றத்தை அறிவித்தபோது கூகுள் கூறிய கணக்கின்படி, அங்கே 4 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தன.

இவற்றுள் ஃபிளிக்கரின் நீக்க விதி வரலாற்றாய்வாளரின் தனிக் கவனத்துக்குரியது. 2018 நவம்பர் 1க்கு முன்பே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுப்பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்ட படங்கள் நீக்கத்திலிருந்து விலக்குப் பெற்றன. அதாவது, எது எஞ்சும் என்பதை ஓரிடத்தில் தீர்மானித்தது படத்தின் தரமோ அரிய தன்மையோ அன்று. எடுத்தவர் பத்து ஆண்டுகளுக்கு முன் தேர்ந்த ஓர் உரிமப் பெட்டி. 2011இல் மெட்ரோ வருமுன் எம்.ஜி. சாலையில் இருந்த நிழல் நடைபாதையை அன்றைய ஒளிப்படங்களில் தேடும் ஆய்வாளருக்குக் கிடைக்கக்கூடிய சான்றுகள், இத்தகைய தற்செயல்களால் வடிகட்டப்பட்டவையே.

இதே காலத்தில் பெங்களூர் எதிர்த்திசையிலும் ஒரு தொழிலை வளர்த்தது. 2007இல் தீரஜ் கக்கரும் பியூஷ் ராயும் இங்குத் தொடங்கிய கான்வெரா, திருமண ஒளிப்படக்காரர்களுக்கு அச்சு ஆல்பம் தயாரித்துத் தந்தது. எண்ணிமக் கோப்பின் பயணம் அங்கே காகிதத்தில் முடிந்தது. குடும்பங்கள் பணம் கொடுத்துக் கேட்டது கையில் எடுத்துப் புரட்டக்கூடிய பிரதியை. மென்பொருளுக்குப் பெயர்பெற்ற நகரில் அச்சு ஆல்பம் ஒரு தொழிலாகத் தழைத்ததைப் பழைமைப் பற்று என ஒதுக்கிவிட இயலாது. கடவுச்சொல்லும் சந்தாவும் இல்லாமல் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்வது ஆல்பம்தான் என்ற நடைமுறை அறிவும் அதில் உண்டு.

2023 பிப்ரவரியில் கஸ்தூர்பா சாலையில் கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தொடக்கக் கண்காட்சிகளுள் ஒன்று ஜோதி பட்டின் ஒளிப்படங்கள். நெகடிவ்களும் குறிப்பேடுகளும் பாதுகாக்கப்பட்டிருந்தால் ஒரு கலைஞரின் வாழ்நாள் உழைப்பை முழுமையாக மீட்கலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் 2000க்கும் 2015க்கும் இடையே ஒக்கலிபுரத்துத் தெருக்களிலும் வீடுகளிலும் சிறிய எண்ணிமக் கேமராவால் எடுக்கப்பட்ட படங்களுக்கு எத்தகைய காப்பகம் உண்டு? அவை செயலிழந்த வன்தட்டிலும், கீறல் விழுந்த குறுந்தட்டிலும், மறந்துபோன மின்னஞ்சல் முகவரியில் பூட்டிய கணக்கிலும் கிடக்கின்றன. ஃபிலிமைக் காத்த மறதி, இங்கே அழிவின் வழியாகிறது. கணக்கு என்பது இடைவிடாத கவனத்தால் மட்டுமே உயிர்வாழும் காப்பகம்; கவனம் நின்ற நாளில் அதன் ஆயுளும் எண்ணப்படத் தொடங்குகிறது.

ஆகவே சேமிப்புக் கருவி ஒன்றை மதிப்பிட வேண்டிய அளவுகோல், அது எவ்வளவு ஏற்றுக்கொள்கிறது என்பதைவிட, எதை எந்த வடிவில் திருப்பித் தருகிறது என்பதே: மூலக்கோப்பின் முழு அளவு, எடுத்த நாளும் இடமும், செய்த திருத்தம், எழுதிய விளக்கம். இவை நான்கும் ஒன்றாகத் திரும்பினால் அது காப்பகம்; இல்லையேல் அது காட்சிக்கூடம் மட்டுமே. வாய்மொழி வரலாறு சேகரிக்கும் மாணவர்கள், நேர்காணலின் முடிவில் பழைய ஆல்பத்தைக் கேட்பது வழக்கம். இனி பழைய குறுந்தட்டையும், வன்தட்டையும், எந்தக் கணக்கில் படங்கள் இருந்தன என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.