குயவர் பார்த்த கணக்கு

வாணிகத்தில் திட்டமிடுதல் ஒரு பாதி. நடந்ததைத் திட்டத்தோடு ஒப்புநோக்கித் திருத்துதல் மறுபாதி. இதனையே கட்டுப்பாடு என்பர். பாடநூல்களில் இஃது இடம்பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே, இங்கிலாந்தில் ஒரு குயவர் இடுக்கண் வந்த வேளையில் இதனைத் தாமே கற்றுக்கொண்டார்.

ஜோசையா வெட்ஜ்வுட் 1769-இல் எட்ரூரியா என்னும் தொழிற்கூடத்தைத் திறந்தார். அவருடைய பூச்சாடிகளைப் பெருமக்கள் விரும்பி வாங்கினர். ஆயினும் கையில் பணம் தங்கவில்லை. 1772-இல் நாட்டில் கடன் நெருக்கடி ஏற்படவே சரக்கும் தேங்கிற்று. கணக்கேடுகளை எடுத்துக்கொண்டு அமர்ந்தார் வெட்ஜ்வுட். ஒரு சாடிக்குக் கூலி எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று பகுத்துப் பார்த்தார். அப்பொழுது ஓர் உண்மை புலனாயிற்று. வாடகையும் அச்சுச் செலவும் எழுத்தர் சம்பளமும், சாடி குறைந்தாலும் கடிகாரம்போல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே எண்ணிக்கை பெருகப் பெருக ஒன்றின் அடக்கவிலை இறங்கும். வணிகவியல் மாணவர் நிலைச்செலவு என்று படிப்பது இதுவே. நெருக்கடி வராதிருந்தால் அவர் இவ்வளவு நுணுகிப் பார்த்திருப்பாரா என்பது ஐயமே.

ஏடுகள் இன்னொன்றையும் காட்டின. கணக்கைக் காக்கவேண்டிய தலைமை எழுத்தரே பணத்தைக் கையாடியிருந்தார்! அவ்விடத்தில் வேறொருவர் அமர்த்தப்பட்டார்.

சூளையையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதன் சூட்டைக் கண்ணால் மதிப்பிடுவதே அந்நாள் வழக்கம். மிகுந்த வெப்பத்தில் களிமண் சுருங்கும். அச்சுருக்கத்தை அளந்தே சூட்டை அறியும் கருவியொன்றை வெட்ஜ்வுட் அமைத்தார். 1783-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.