இளைத்த நிலமும் சித்தகத்தியும்

நிலமும் இளைக்கும் என்பதை எல்லா நாட்டு உழவரும் அறிவர். இளைத்த நிலத்தைத் தேற்றுவது எங்ஙனம்? ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டின் கிழக்கு மாகாணம் இதற்குக் கண்ட விடையை இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அங்கே மக்களின் உணவு மக்காச்சோளம். முன்னாளில் சில ஆண்டுகள் பயிரிட்டபின் நிலத்தை நெடுங்காலம் தரிசாக விடுவர். புதர் மண்டி, இலை உதிர்ந்து, மண் தானே தேறும். குடிகள் பெருகவே அவ்வளவு காலம் காத்திருக்க இயலவில்லை. மண் வலுவிழந்தது. மானியத்தால் மலிவாகக் கிடைத்த உரம் அக்குறையை மறைத்தது. 1990களின் தொடக்கத்தில் மானியம் குறையவே, உரம் ஏழை உழவருக்கு எட்டாப் பொருளாயிற்று.

நல்வாய்ப்பாக, 1980களின் பிற்பகுதியிலேயே சிப்பாட்டா நகருக்கு அருகிலுள்ள எம்செக்கெரா ஆராய்ச்சி நிலையத்தில் பிரெடி குவெசிகா முதலிய அறிஞர்கள் வேறு வழி தேடத் தொடங்கியிருந்தனர். தரிசை வெறுமனே விடாமல், அதில் சித்தகத்தியை நட்டனர். நம் அகத்திக்கு உறவான செடி அது. இவ்வினச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்குகின்றன. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் 1886இல் வெளியிட்ட உண்மை இது.

1994இல் வெளிவந்த சோதனை முடிவைப் பாருங்கள். உரமின்றி ஆண்டுதோறும் மக்காச்சோளமே விதைத்த நிலம் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1.2 டன் தந்தது. ஈராண்டுகள் சித்தகத்தி நின்ற நிலமோ, உரமில்லாமலே 5.6 டன் தந்தது.

ஆயினும் அவ்வீராண்டுகளில் குடும்பம் எதை உண்ணும்? சோதனை நிலத்தில் எழாத இக்கேள்வி குடிசையில் எழுந்தது. உழவர் நிலம் முழுவதையும் ஒதுக்காமல், ஒரு சிறு பகுதியில் மட்டும் செடியை வளர்த்தனர். சிலர் முதலாண்டில் மக்காச்சோளத்தின் நடுவிலேயே நட்டு, அவ்வாண்டு விளைச்சலையும் காத்துக்கொண்டனர். சித்தகத்திக்கு நாற்றங்கால் வேண்டும். மாடுகளும் அதை மேய்ந்துவிடும். ஆகவே நேரே விதைக்கக்கூடியதும், மாடு விரும்பாததுமான ஒருவகைக் கொழிஞ்சியையும் பலர் மேற்கொண்டனர்.

இம்முறை எல்லாக் குறையையும் தீர்க்காது. மணிச்சத்தைக் காற்றிலிருந்து பெற முடியாது. அது குன்றிய மண்ணுக்கு வெளியிலிருந்துதான் இடவேண்டும். ஆனால் ஆராய்ச்சியாளர் தந்த முறையை அப்படியே ஏற்காமலும், முற்றும் தள்ளாமலும், தம் வறுமைக்கு ஏற்றவாறு அதைத் திருத்திக்கொண்டனரே அவ்வுழவர்கள், அவர்களுடைய அறிவையே இவ்வரலாற்றில் நான் பெரிதாகப் போற்றுகிறேன்.