பாடசாலை நிதியும் வாக்குச் சீட்டும்

பாடசாலைப் பணத்தை எவருக்குக் கடனாக வழங்கலாம் என்று மக்களிடமே கேட்டு முடிவெடுத்த மாநிலம் உண்டென்றால், ஓப்பநாயக்க தோட்டப்புற வாசகர்கள் வியப்படையக்கூடும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அரசியலமைப்பு (1889), பொதுப் பாடசாலைகளின் நிரந்தர நிதியைத் தனியாருக்கோ கம்பனிகளுக்கோ கடனாக வழங்குவதைத் தடை செய்தது. அரச, உள்ளூராட்சிப் பிணைமுறிகளில் மட்டுமே அதனை முதலிடலாம். 1894 இல் நடைபெற்ற வாக்கெடுப்பில், பாடசாலை மாவட்டங்களின் பிணைமுறிகளையும் வாக்காளர் அப்பட்டியலில் சேர்த்தனர். பிள்ளைகளுக்கான நிதி ஊர்ப் பாடசாலைக் கட்டடத்திற்கே கடனாகச் செல்ல வழி பிறந்தது. பெண்களுக்கு அவ்வாக்கெடுப்பில் இடமிருக்கவில்லை என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. 1966 இல் மீண்டும் மக்களின் ஒப்புதலுடனேயே அத்தடை தளர்த்தப்பட்டு, முதலீட்டு விதிகளை வகுக்கும் பொறுப்பு சட்டசபையிடம் விடப்பட்டது.

நமது மலையகத்தின் கதை வேறு. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத் துரைமாரின் பொறுப்பாக்கியது. செலவிடும் கையும் கணக்கெழுதும் கையும் ஒன்றே. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்தையும் தொடர்ந்து பெற்றோரில் மிகப் பெரும்பாலானோர் வாக்கையே இழந்தனர். 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியபோதும், அப்பெற்றோரில் பலருக்கு வாக்குச் சீட்டு கிடைத்திருக்கவில்லை.