ஒரு சட்டமூலத்தின் பின்னால் போனால்

எங்கட எம்.பி. பாராளுமன்றத்தில என்ன செய்தார்? தேர்தல் வந்தால் போட்ட வீதியையும் திறந்த கட்டடத்தையும் சொல்லுவினம். என்ன சட்டமூலம் கொண்டுவந்தார், எதை எதிர்த்தார் எண்டு நாங்களும் பெரிசாக் கேக்கிறதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கதையைப் பார்ப்போம். ரணிலின் அமைச்சரவை அங்கீகரித்த வரைவு, 2004 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு நின்றுபோனது. 2011 ஜூனில் எதிர்க்கட்சியிலிருந்த கரு ஜயசூரிய தனிநபர் சட்டமூலமாக ஒன்றைக் கொண்டுவந்தார். மஹிந்த அரசாங்கத்தின் பெரும்பான்மை அதைத் தோற்கடித்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் சட்டமூலத்துக்கு இங்கே வழமையாக நடப்பதுதான்.

2015 இல் 19ஆவது திருத்தம் தகவல் பெறுவதை அடிப்படை உரிமையாக்கியது. 2016 ஜூன் 24இல் சட்டம் நிறைவேறியது. ஓகஸ்ட் 4இல் சபாநாயகராக அதைச் சான்றுப்படுத்தியவர் யார்? அதே கரு ஜயசூரிய! 2011 இல் அரசாங்கப் பக்கம் இருந்தவர்கள் பலர் இந்தச் சபையிலும் இருந்தார்கள், சிலர் அமைச்சர்களாகவே. ஐந்து வருசத்தில என்ன மாறினது எண்டு அவையளிட்டக் கேட்டிருக்க வேணும். ஹன்சாட்டைப் புரட்டினால் அதற்கான கேள்விகள் கிடைக்கும்.

பிறகு இந்தச் சட்டம் பாராளுமன்றத்தின் கதவையே தட்டியது. சொத்து விபரம் கொடுத்த எம்.பி.மாரின் பெயர்களை 2018 இல் ஒரு ஊடகவியலாளர் கேட்டார். பாராளுமன்றம் மறுத்தது. ஆணைக்குழு கொடுக்கச் சொன்னது. பாராளுமன்றம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2023 இல் தோற்றது.

இவ்வளவும் வெறும் பெயர்ப்பட்டியலுக்கு.