இறுதி மணித்தியாலமும் மிகைப்பெறுமதியும்

தொழிலாளியின் வேலைநாள் எங்கு முடிவடைதல் வேண்டும் என்னும் வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் பஞ்சாலைப் பகுதிகளைக் கலக்கியது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதுக்கு மேற்பட்ட, 18 வயதுக்குட்பட்ட இளையோரின் வேலைநாளை 12 மணித்தியாலமாக வரையறுத்தது. தொழிலாளரோ 10 மணித்தியாலம் கோரினர்.

1837இல் பொருளியலறிஞர் நசோ சீனியர் இக்கோரிக்கையை மறுத்தெழுதினார். பதினொன்றரை மணித்தியால வேலைநாளில் முந்திய நேரமெல்லாம் முதலையும் தேய்மானத்தையும் ஈடுசெய்கின்றது. இறுதி மணித்தியாலமே தேறிய இலாபத்தைத் தருகின்றது. அதனைக் குறைப்பின் இலாபம் அற்றுப்போகும் என்பது அவர் வாதம்.

1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில் மார்க்ஸ் இவ்வாதத்தின் தவற்றைக் காட்டினார். பஞ்சினதும் இயந்திரத்தினதும் பெறுமதி நூற்கும்போதே நூலைச் சென்றடைகின்றது. அதற்கெனத் தனிநேரம் வேண்டியதில்லை. உழைப்பினாற் புதிதாகத் தோன்றும் பெறுமதியில் ஒரு பகுதி கூலிக்கு ஈடாகும், எஞ்சியதே மிகைப்பெறுமதி. ஐந்தே முக்கால் மணித்தியால உழைப்புக் கூலிக்கு ஈடாயின், வேலைநாள் பத்தரை மணித்தியாலமாகக் குறைந்த பின்னரும் நாலே முக்கால் மணித்தியால உழைப்பு முதலாளிக்கு எஞ்சும்.

வரலாறும் சீனியரைப் பொய்ப்பித்தது. 1847ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கும் இளையோருக்கும் 10 மணித்தியாலத்தை விதித்தது; 1850இல் அது பத்தரை மணித்தியாலமாயிற்று. பஞ்சாலைத் தொழிலோ அழியவில்லை; அடுத்துவந்த ஆண்டுகளில் மேலும் பெருகியது.

நிலமானிய முறையிற் குடியானவன் தன் நிலத்தில் உழைத்த நாளும் பிரபுவின் நிலத்தில் உழைத்த நாளும் வெவ்வேறாய்த் தெரிந்தன. கூலிமுறை அவ்வெல்லையை மறைத்தது. பத்து மணித்தியாலப் போராட்டம் மறைந்த அவ்வெல்லையை மீண்டும் அரசியல் வினாவாக்கியது. மிகைப்பெறுமதிக் கோட்பாடு அதற்குப் பொருளியல் விளக்கம் தந்தது.